வாரண்டி முடிந்த லேப்டாப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாரண்டி முடிந்து 3 வாரம்தான் ஆகிறது. லேப்டாப் திடீரென்று செத்துவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ‘மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்’ என்கிறார்கள். அவர்கள் கொடுத்த எஸ்டிமேட் புது லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டுகிறது. மாற்றுவதா, விட்டுவிடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் தேதியைப் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்தால் வாரண்டி முடியும் தேதி வரும். பல சமயம் அது லேப்டாப் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து கணக்கிட்டதாக இருக்கும். கடையில் ஒரு மாதம் கிடந்த பிறகு நீங்கள் வாங்கியிருந்தால் உங்கள் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பில்லின் படத்தை அனுப்பி, வாங்கிய தேதியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதே கோளாறுக்காக வாரண்டி இருந்த காலத்தில் ஒருமுறை புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் தேடி எடுங்கள். உள்ளே இருந்த கோளாறைச் சரிசெய்யாமல் அனுப்பினார்கள் என்று வாதாட அதைவிடப் பலமான சான்று கிடையாது.

அடுத்து, வீட்டிலேயே பார்க்கக்கூடியவை. சார்ஜரைக் கரண்டில் மட்டும் செருகி அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், அதன் முனையை லேப்டாப்பில் செருகுங்கள். செருகிய நொடியில் விளக்கு அணைந்தால் லேப்டாப்புக்குள் ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் லேப்டாப்பில் அசைவில்லை என்றால் கதை வேறு: மின்சாரம் நுழையும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ ஒரு வோல்டேஜ் பிறக்கவில்லை. பழுது பார்ப்பவரிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே அவர் வேலை பாதியாகக் குறையும்.

மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜர் முனையை அளந்துவிடலாம். உருளை முனை சார்ஜர்களில் பெரும்பாலும் 19.5 அல்லது 20 வோல்ட் வரவேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. டெல், ஹெச்பி உருளை முனைகளின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அது மின்சாரம் தருவதற்கல்ல, ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கு. எனவே உருளையின் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் அளக்க வேண்டும். அந்த ஊசி வளைந்தாலோ ஒடிந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் ஆமையாகிவிடும். இதையும் ‘போர்டு கோளாறு’ என்று சொல்லும் ஆட்கள் உண்டு.

யூஎஸ்பி-சி சார்ஜர் என்றால் மல்டிமீட்டர் உதவாது. லேப்டாப்பும் சார்ஜரும் பேசி முடிவு செய்தால்தான் 5 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட்டுக்கு ஏறும். கேபிளுக்கு நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி-சி மீட்டர் 20 வோல்ட் காட்டினால் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. 5 வோல்ட்டிலேயே நின்றால் இன்னொரு கேபிள், இன்னொரு சார்ஜர், லேப்டாப்பின் இன்னொரு சி போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் 5 என்றால்தான் உள்ளே சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கும் சிப்பான சார்ஜிங் ஐசி அல்லது ஷார்ட் மீது சந்தேகப்பட வேண்டும்.

பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி, இல்லாவிட்டால் பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை மட்டும் விலக்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் கொடுத்து ஆன் செய்யுங்கள். உயிர் வந்தால், போர்டில் தங்கியிருந்த மின்சாரத்தால் கட்டுப்பாட்டுச் சிப் உறைந்து கிடந்திருக்கிறது, அல்லது பேட்டரியே குற்றவாளி. விளக்கும் ஃபேனும் வந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ரேமைக் கழற்றித் திரும்பப் போடுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை திரை வரச் சில நிமிடம் ஆகலாம், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். விளக்குகள் ஒழுங்காக விட்டுவிட்டு மின்னினால் அது சும்மா அல்ல, கணக்கு. டெல்லின் பல மாடல்களில் 2 முறை மஞ்சள், 3 முறை வெள்ளை என்றால் ரேம் தென்படவில்லை என்று பொருள். ஹெச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னும். எண்ணி எழுதி வையுங்கள், முடிந்தால் வீடியோ எடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் உயிர் வரவில்லை என்றால் போர்டுதான். ஆனால் போர்டில் கோளாறு என்பதும் போர்டையே மாற்ற வேண்டும் என்பதும் ஒன்றல்ல. கம்பெனி சர்வீஸ் சென்டர் ஏமாற்றுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அவர்கள் வேலை முறையே பழுதான பகுதியை முழுசாகக் கழற்றிப் புதிதாகப் போடுவதுதான். போர்டுக்குள் இறங்கி ஒற்றை உதிரியை மாற்றும் வேலையைச் செய்பவர்கள் வேறு. ‘சிப் லெவல்’ சர்வீஸ் என்று கேட்டுப் போகவேண்டும். உயிரில்லாத போர்டுகளில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி, 19 வோல்ட் ஓடும் முக்கியப் பாதையில் ஷார்ட் ஆன ஒரு செராமிக் கெப்பாசிட்டர். கடுகு அளவுதான் இருக்கும். அந்தப் பாதைக்கு வெளியிலிருந்து 1 வோல்ட் மாதிரி குறைந்த அழுத்தம் கொடுத்து, எது சூடாகிறது என்று தெர்மல் கேமராவில் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். அதற்கடுத்த சந்தேக ஆட்கள் மின்சாரம் நுழையும் இடத்தில் சுவிட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகள், சார்ஜிங் ஐசி, 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தயாரிக்கும் ஐசி, லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள் கெட்டுப்போன பயாஸ் சிப். எல்லாம் மாற்றக்கூடியவை.

சிப் லெவல் ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘எந்த வோல்டேஜ் வரவில்லை?’ அளந்து பார்த்தவர் ‘19 உள்ளே வருது, 3.3 வரல’ என்பது போல உடனே சொல்வார். ‘போர்டு மொத்தமும் போச்சு’ என்று மட்டும் சொல்பவர் அளக்கவில்லை. பிராசஸருக்குள்ளேயே ஷார்ட், போர்டின் உள்ளடுக்கு எரிந்து ஓட்டை, தண்ணீர் அரித்துத் தடங்களே காணாமல் போனது: இந்த மூன்றில் ஏதாவது என்றால் போர்டு மாற்றுவது நியாயம். அப்போதும் போர்டோடு ஒட்டியே வரும் ரேம், பிராசஸர், கிராபிக்ஸ் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கிறதா என்று பார்ட் நம்பரை வைத்து உறுதி செய்யுங்கள். புது போர்டில் உங்கள் சீரியல் எண்ணை ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஏற்றாவிட்டால் விண்டோஸ் ஆக்டிவேஷனில் சிக்கல் வரலாம், கம்பெனியின் இணையதளமும் உங்கள் லேப்டாப்பை அடையாளம் காணாது.

கேள்வி: வாரண்டி முடிந்த பிறகும் சிலருக்குக் கம்பெனி இலவசமாகச் சரிசெய்து கொடுத்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒரு மாடல் முழுவதிலும் தயாரிப்புக் குறை இருப்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டு அறிவிக்கும் திட்டம். என்விடியா 2008 ஜூலையில் தன் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் பலவீனமான பொருள் பயன்படுத்தப்பட்டதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது; டெல்லும் ஹெச்பியும் சில மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தன. ஆப்பிள் 2018 ஜூனில் பட்டர்ஃபிளை கீபோர்டுகளுக்கு, லேப்டாப் முதலில் விற்பனையான நாளிலிருந்து 4 ஆண்டு வரை இலவச சர்வீஸ் என்றது. 2019 ஜூனில் 15 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றின் பேட்டரியைத் திரும்பப் பெற்றது. 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையில் பெரும்பாலும் விற்றவை அவை. இதுபோன்ற திட்டங்களைக் கடைக்காரர் உங்களைத் தேடி வந்து சொல்லமாட்டார். கம்பெனியின் இணையதளத்தில் மாடல் பெயரோடு திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் சர்வீஸ் திட்டங்களையும் நீங்களேதான் தேட வேண்டும். பேட்டரி, சார்ஜர், கரண்ட் கேபிள் மூன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அதிகம் திரும்பப் பெறப்படுவது அவைதான்.

இரண்டாவது வழி, கேட்டு வாங்குவது. வாரண்டி முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால், அல்லது அந்த மாடலுக்கே உரிய கோளாறாக இருந்தால், மேலதிகாரி மட்டத்தில் விதிவிலக்கு தருவது உண்டு. ஆனால் ‘உங்கள் தயாரிப்பே மோசம்’ என்று இரண்டு பக்கம் எழுதினால் அது மன்னிப்புக் கடிதத்தோடு முடியும். கடிதத்தில் இவை போதும்: மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, கோளாறு தொடங்கிய தேதி, விளக்கு மின்னிய கணக்கு அல்லது உள்ளமைந்த பரிசோதனையில் வந்த பிழை எண், இதுவரை செய்து பார்த்தவை. அதன் கீழே ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கோரிக்கை குறிப்பாக இருக்கட்டும்: ‘உதிரியை நீங்கள் இலவசமாகத் தாருங்கள், கூலியை நான் கொடுக்கிறேன்’ என்பது முழு இலவசம் கேட்பதைவிட எளிதாக நகரும். தொலைபேசியில் பேசினாலும் அதையே மின்னஞ்சலில் எழுதி, புகார் எண்ணைப் பெறுங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை அடுத்த முறை பேசும் ஆள் அறியமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழியில் போவதாக இருந்தால், பதில் வரும்வரை வெளிக் கடையில் போர்டில் கைவைக்க விடாதீர்கள். சாலிடரிங் செய்த தடம் தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சட்டமும் கொஞ்சம் துணை வரும். கம்பெனி தரும் வாரண்டி வேறு, நுகர்வோர் சட்டம் தரும் உரிமை வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்றவர் குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு என்பது சட்டம். கம்பெனி 1 ஆண்டு என்று அச்சடித்திருந்தாலும் அதுதான். நீங்கள் வாங்கிய நாட்டின் விதியைப் பாருங்கள். பல இடங்களில் சட்டப்படி பொறுப்பு விற்ற கடைக்கு, தயாரித்த கம்பெனிக்கு அல்ல என்பதையும் கவனியுங்கள். கடனட்டையில் வாங்கியிருந்தால் சில அட்டைகள் வாரண்டியை நீட்டித்துத் தருவதுண்டு. அட்டையின் விதிமுறைத் தாளில் அது இருக்கும்.

கேள்வி: ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் படங்களும் வங்கி விவரங்களும் என்ன ஆகும்? பாஸ்வேர்டு கேட்கிறார்கள்.

பதில்: சார்ஜர், போர்டு, கீல், ஃபேன் வேலைக்கெல்லாம் பாஸ்வேர்டே தேவையில்லை. ஓடுகிறதா என்று பார்க்க பயாஸ் திரையும் வெளியிலிருந்து பென் டிரைவில் ஏற்றும் பரிசோதனை மென்பொருளும் போதும். விண்டோஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய கோளாறு என்றால் தனியாக ஒரு புதுப் பயனர் கணக்கை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

தகவலைச் சேமித்து வைத்திருக்கும் எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. எம்.2 வகை எஸ்எஸ்டியில் ஒரே ஒரு ஸ்க்ரூதான். பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். யூஎஸ்பி உறை ஒன்று வாங்கினால் வேறு கணினியில் செருகிப் படிக்கலாம். உறை வாங்கும்போது உங்களுடையது என்விஎம்இ, சாட்டா என்ற இரண்டு இணைப்பு வகைகளில் எது என்று பார்க்க வேண்டும். உருவம் ஒன்றுபோல இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா.

எஸ்எஸ்டியைப் பத்திரமாக எடுத்தும் படிக்க முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் விண்டோஸின் தகவல் பூட்டான பிட்லாக்கர். பல புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்தப் பூட்டு உங்களைக் கேட்காமலே விழுந்திருக்கும். போர்டை மாற்றினாலும், சில சமயம் பயாஸ் புதுப்பித்தாலும்கூட, 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறு கணினியிலிருந்து நுழைந்து அந்தச் சாவியை இன்றே எடுத்து எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

அண்மைக்கால மேக்புக்குகளில் சேமிப்புச் சிப் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பூட்டும் அதே போர்டோடு பிணைந்திருக்கும். அவற்றில் போர்டை மாற்றினால் தகவல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் இல்லாத தகவல் முக்கியம் என்றால், அந்தப் போர்டையே தற்காலிகமாகவாவது உயிர்ப்பிக்கத் தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

கொடுக்கும்போது கடையில் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் சீரியல் எண், ரேம், எஸ்எஸ்டி அளவு, உடலில் இருக்கும் கீறல், கூடவே கொடுத்த சார்ஜர் ஆகியவை எழுதப்பட வேண்டும். ரேம் மீதும் எஸ்எஸ்டி மீதும் ஒட்டியிருக்கும் லேபிளைக் கொடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க மட்டும் எவ்வளவு கட்டணம், சரியாகாவிட்டால் அது உண்டா, எந்தத் தொகையைத் தாண்டினால் கேட்காமல் செய்யக்கூடாது, கழற்றிய பழைய உதிரி திரும்ப வருமா: இந்த நான்குக்கும் பதில் அதே தாளில் எழுத்தாக இருக்கட்டும்.

கேள்வி: டச்பேடு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது, கிளிக் ஆகவில்லை. டச்பேடு மாற்ற வேண்டுமா?

பதில்: சார்ஜரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை அணையுங்கள். அது டச்பேடு கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அதன் அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ளே சிதையும்போது வாயு உருவாகி, உறை ஊதிக்கொள்கிறது. எப்போதும் சார்ஜரில் செருகி நூறு சதவீதத்திலேயே சூட்டோடு வைத்திருக்கும் லேப்டாப்புகளில் இது சீக்கிரம் வரும். அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், குத்தவே கூடாது, மறுபடி சார்ஜ் ஏற்றவும் கூடாது. ஸ்க்ரூவில் நிற்கும் பேட்டரி என்றால் கனெக்டரை முதலில் விலக்கிவிட்டுக் கழற்றலாம். பசையில் ஒட்டியது என்றால் கடையில் கொடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் பலர் தீ மூட்டுகிறார்கள். பிளாஸ்டிக் அட்டையும் பசை இளக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும்தான் அதற்கான கருவிகள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள்.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடலை நம்பாதீர்கள். ஒரே மாடலில் 3 செல்லும் 4 செல்லும் வரும். பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பர், வோல்ட், வாட்-மணி மூன்றும் ஒத்துப்போக வேண்டும், 11.4 வோல்ட் இருந்த இடத்தில் 15.2 வோல்ட் போடக்கூடாது. தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அலமாரியில் 3 வருடம் தூங்கிய ‘புது’ பேட்டரி புதியதல்ல. போட்ட பிறகு விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்தால் வடிவமைத்த கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். புதியதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாளே 80 சதவீதம் காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: திரையில் செங்குத்தாகக் கோடுகள். பேனல் மாற்றச் சொல்கிறார்கள். கேபிளாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். மூடியை மெல்லத் திறந்து மூடி, கோணம் மாறும்போது கோடு மாறுகிறதா, மறைகிறதா என்று பாருங்கள். மாறினால் கீல் வழியாக வளைந்து போகும் டிஸ்ப்ளே கேபிள் அல்லது அதன் கனெக்டர். எந்தக் கோணத்திலும் அதே இடத்தில் அசையாமல் நின்றால் பேனல். வெளி மானிட்டரை இணைத்து அதிலும் கோடு வந்தால் இரண்டும் இல்லை, கிராபிக்ஸ் சிப். டெல் லேப்டாப் என்றால் அணைத்துவிட்டு டி விசையை அழுத்தியபடி ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் திரை தானாகவே வண்ணங்களை மாற்றிக் காட்டும். அந்த வண்ணங்களிலும் கோடு தெரிந்தால் பேனல் மீது சந்தேகம் உறுதியாகும்.

திரை முழுக்க கறுப்பு, ஆனால் உள்ளே ஓடுகிறது என்றால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது. போர்டில் உள்ள ஒரு சின்ன ஃபியூஸ் எரிந்தாலும் இதுதான் அறிகுறி.

பேனலே மாற்ற வேண்டி வந்தால் அதன் பின்பக்க லேபிளில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கனெக்டர் 30 பின்னா, 40 பின்னா என்பது முக்கியம். சாதாரண முழு ஹெச்டி பேனல்களில் 30, டச் வசதி உள்ளவற்றிலும் அதிக ரிஃப்ரெஷ் வேகம் உள்ளவற்றிலும் 40 என்பது பொது நிலை. 30-க்கு 40 பொருந்தாது.

கேள்வி: மூடியைத் திறக்கும்போது கீல் பக்கம் உடல் விரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. கீல் இறுகிவிட்டது; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுக்குழிகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்குகிறது. இன்று ஒரு பிளாஸ்டிக் வேலை. இன்னும் சில வாரம் ஓட்டினால் டிஸ்ப்ளே கேபிளும் பேனலின் மூலையும் சேர்ந்து போகும். சரிசெய்பவர் முதலில் கீலின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் பசை மட்டும் வைத்தால் மறுபடி பிடுங்கிக்கொள்ளும். குழிகளைத் திரும்ப உட்காரவைக்க இரண்டு பகுதி எபாக்ஸி பசை, முழுதும் இறுக 24 மணி நேரம். உடனடிப் பசை இந்த இழுவையைத் தாங்காது. பிளாஸ்டிக் தூளாகியிருந்தால் அந்தப் பக்க உறையையே மாற்றுவதுதான் நிரந்தரம்.

கேள்வி: கீபோர்டில் தண்ணீர் கொட்டிவிட்டது. துடைத்துக் காயவைத்தேன், இப்போது நன்றாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: நன்றாக ஓடுவது தற்காலிகம். தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பு போர்டில் தங்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் ஈரக்காற்று பட்டால் அரிப்பு தொடரும். திரைக்குப் பின்னொளி தரும் பாதையில் வோல்டேஜ் அதிகம், அதனால் முதலில் கருகுவது அங்கே உள்ள பின்கள். பின்மூடியைத் திறந்து, பேட்டரியை விலக்கி, போர்டை வெளியே எடுத்து 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவ வேண்டும். கீபோர்டு கனெக்டர், சிப்புகளின் ஓரம், கவசத் தகட்டின் அடி ஆகிய இடங்களில் பச்சை, வெள்ளைப் பூச்சு இருந்தால் விடக்கூடாது. அரிசியில் புதைப்பதால் எந்தப் பயனும் இல்லை; தூள்தான் போர்ட்டுகளுக்குள் போகும்.

கேள்வி: சூடாகிறது என்று கொடுத்தேன். பேஸ்ட் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது முன்பைவிடச் சீக்கிரம் அணைந்துவிடுகிறது!

பதில்: பேஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன் தெர்மல் பேடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடான ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்த, பிராசஸருக்குப் பேஸ்ட், பக்கத்தில் உள்ள மெமரிச் சிப்புகளுக்கும் மாஸ்ஃபெட்டுகளுக்கும் பேடு. பழைய பேடு 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. வைத்தால் ஹீட் சிங்க் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், பிராசஸரைத் தொடவே தொடாது. சில நொடியில் 100 டிகிரியைத் தொட்டு அணைவதற்கு இதுவே போதும். அடுத்தது ஹீட் சிங்க் ஸ்க்ரூக்கள்: அவற்றின் அருகில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்காமல் ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டால் சாய்ந்து உட்காரும். மூன்றாவது, ஃபேன் கனெக்டரைச் செருக மறந்திருப்பார்கள். ஹெச்பியில் ஆன் செய்தவுடன் 90பி என்று பிழை வந்தால் அது ஃபேனைப் பற்றியதுதான்.

கேள்வி: கிராபிக்ஸ் சிப் போய்விட்டதாம். ‘ஹீட் கொடுத்தால் சரியாகும்’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: சில நாளோ சில மாதமோ ஓடும். பெரும்பாலும் முறிவு சிப்புக்குள்ளேயே இருப்பதால் சூடு அதைத் தற்காலிகமாகத்தான் ஒட்டவைக்கும். அந்த இடைவெளியில் தகவலை எடுக்க வேண்டுமானால் செய்துகொள்ளலாம். ரிப்பேர் என்று கணக்கிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். புதிய சிப் போடுகிறார் என்றால் வேறு பேச்சு.

கேள்வி: 8 வருட லேப்டாப். கீபோர்டும் பேட்டரியும் மாற்ற வேண்டும். செலவழிக்கலாமா?

பதில்: வேகத்தில் திருப்தி இருந்தால் கீபோர்டு, பேட்டரி, ஃபேன் போன்றவற்றுக்குச் செலவழிப்பதில் தப்பில்லை, இவை தேயும் உதிரிகள். போர்டுக்கு மட்டும், அதே மாடல் பழைய சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ அதில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வோம்.

வேறு இரண்டு விஷயமும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, ஒருசில விதிவிலக்கு தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறைப் பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 8 வருடம் என்பது சரியாக அந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது. பிராசஸர் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். இரண்டாவது, உதிரி கிடைக்குமா என்பது. ஆப்பிள், விற்பனையை நிறுத்தி 7 ஆண்டு கடந்த மாடல்களுக்குப் பொதுவாக சர்வீஸ் தருவதில்லை. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் கழற்றிப் பூட்டும் கையேட்டைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கீபோர்டு தனியாக வருகிறதா, மேல் உறையோடு சேர்ந்தே வருகிறதா என்று அதில் பார்த்துவிடுங்கள். சேர்ந்தே வருவதென்றால் செலவு பல மடங்கு. பேட்டரி, டச்பேடு, போர்டு அத்தனையையும் கழற்றினால்தான் கீபோர்டைத் தொட முடியும் என்றால் கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

கேள்வி: போர்டு ரிப்பேர் செய்து 2 மாதத்தில் அதே கோளாறு. மறுபடி முழுப் பணம் கேட்கிறார்கள்.

பதில்: ஜாப் ஷீட்டைப் பாருங்கள். எந்த உதிரியை மாற்றினார்கள், அதற்கு எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதியிருந்தால் பேச்சு சுலபம். பல கடைகளில் போர்டு வேலைக்கு 30 முதல் 90 நாள் தருவார்கள். எழுதவில்லை என்றால் முன்பு வராத வோல்டேஜும் இப்போது வராத வோல்டேஜும் ஒன்றா என்று கேளுங்கள். ஒன்றே என்றால், மாற்றிய உதிரி மறுபடி போயிருக்கிறது. அதைக் கொன்றது வேறு ஏதோ, மூலகாரணத்தைத் தேடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கூலியைத் திரும்பக் கேட்பது நியாயம். வேறு வோல்டேஜ் என்றால் அது புதுக் கோளாறு, புதுக் கூலி. சார்ஜிங் ஐசி இரண்டாம் முறை போயிருந்தால் சார்ஜரையும் மேசையில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்: சும்மா இருக்கும்போது 19.5 காட்டி, சுமை ஏறியதும் ஏறி இறங்கித் துள்ளும் மலிவான மாற்றுச் சார்ஜரும் அந்த ஐசியைக் கொல்லும். அப்படியென்றால் மூன்றாவது ஐசி போடுவதற்கு முன் சார்ஜரை மாற்றுங்கள்.